சிற்றிலும் எரிந்த இல்லமும்: ஷியாம் செல்வதுரையின் 'ஃபன்னி பாய்' தொகுப்பில் குழந்தைமை, குறியீடு, வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

ஷியாம் செல்வதுரை ஆங்கிலத்தில் எழுதி 1994ஆம் ஆண்டு வெளிவந்த 'ஃபன்னி பாய்', கொழும்பில் வளரும் தமிழ்ச் சிறுவன் ஒருவனின் இளமைக்காலத்தை ஆறு கதைகளில் கூறுகிறது. 1983 யூலைக் கலவரத்தில் முடிவுறும் இத்தொகுப்பு, வெளியிலிருந்து வந்த வன்முறை ஒரு குழந்தையின் களங்கமற்ற உலகை அழித்த கதையாகவே பெரும்பாலும் வாசிக்கப்படுகிறது. அவ்வாசிப்பு முழுமையானதன்று என்பது இக்கட்டுரையின் கருதுகோள். மனிதரை வகை பிரித்து, வகைக்குரிய இடத்தில் நிறுத்தி, மீறியவரை வெளியேற்றும் முறைமையைச் சிறுவன் முதலில் கற்பது வீட்டின் முற்றத்திலும் கொல்லையிலுமே ஆகும். விளையாட்டில் தோன்றும் சேலை, எல்லைக்கோடு, தாள், வீடு ஆகிய குறியீடுகள் பின்னைய கதைகளில் வரலாற்று நிகழ்வுகளாக மீண்டு வருவதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஈழத்துப் புலம்பெயர் இலக்கியம், குழந்தைமை, சிற்றில், பாலின எல்லை, 1983 யூலைக் கலவரம், குறியீடு.

முன்னுரை

தமிழ் இலக்கிய மரபில் குழந்தைமை பால் வேறுபாட்டுடன் பிணைந்தே பாடப்பட்டுள்ளது. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் முதல் ஏழும் இருபாலார்க்கும் பொது. இறுதி மூன்று பருவங்களில் ஆண்பிள்ளையும் பெண்பிள்ளையும் பிரிகின்றனர். ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன அமைய, பெண்பாற் பிள்ளைத்தமிழில் அம்மானை, நீராடல், ஊசல் முதலியன அமைகின்றன. இவற்றுள் சிற்றில் பருவம் குறிப்பிடத்தக்கது. மணலில் சிறுவீடு கட்டிச் சிறுசோறு சமைக்கும் சிறுமியர், அதனைக் காலால் சிதைக்கவரும் ஆண்பிள்ளையை நோக்கிச் 'சிதையேல்' என இரப்பதாக அப்பருவம் அமையும். கட்டுவது பெண்பால், சிதைப்பது ஆண்பால். கலித்தொகையின் குறிஞ்சிக்கலியிலும் நாச்சியார் திருமொழியிலும் இவ்விளையாட்டு முறையே காதற் சூழலிலும் பத்திச் சூழலிலும் இடம்பெறுகிறது.

இம்மரபுப் பாகுபாட்டைத் தலைகீழாக்கும் ஒரு காட்சியுடன் 'ஃபன்னி பாய்' தொடங்குகிறது. சிற்றில் கட்டுவோரின் தலைவனாக இங்கு ஓர் ஆண்பிள்ளை நிற்கிறான். அதனைச் சிதைப்போர் ஒரு சிறுமியும் பெரியோரும் ஆவர். ஆசிரியர் பிள்ளைத்தமிழ் மரபை மனங்கொண்டு இதனைப் படைத்தார் என்று கொள்வதற்குச் சான்றில்லை. எனினும், தமிழ்க் குடும்பம் ஒன்றில் நிகழும் இவ்விளையாட்டைச் சிற்றில் என்னும் கருத்தாக்கத்தின் துணைகொண்டு நோக்கும்போது, தொகுப்பின் முதற் பக்கங்களில் கட்டப்படும் விளையாட்டு வீட்டிற்கும் இறுதிப் பக்கங்களில் எரியும் உண்மை வீட்டிற்கும் இடையிலான தொடர்பு தெளிவடைகிறது.

தொகுப்பின் அமைப்பும் காலச்சட்டகமும்

ஷியாம் செல்வதுரை 1965இல் கொழும்பில் தமிழ்த் தந்தைக்கும் சிங்களத் தாய்க்கும் பிறந்தவர். 1983 கலவரத்தின் பின்னர் குடும்பத்துடன் கனடாவுக்குப் புலம்பெயர்ந்தவர். 'ஃபன்னி பாய்' அவரது முதல் நூல். அது கனடாவில் முதல் நாவலுக்கான பரிசொன்றையும் அமெரிக்காவின் லாம்டா இலக்கியப் பரிசையும் பெற்றது. 2020இல் தீபா மேத்தா இதனைத் திரைப்படமாக்கினார்.

நூல் தன்னை ஆறு கதைகளாலான நாவல் என அறிவித்துக்கொள்கிறது. ஒவ்வொரு கதையும் தனக்கெனத் தொடக்கமும் முடிவும் உடையது; தனித்து வாசிக்கத்தக்கது. கதைசொல்லி ஆர்ஜி செல்வரத்தினமும் அவனது குடும்பமும் காலவோட்டமும் அவற்றை இணைக்கின்றன. கதைத் தலைப்புகள் இங்குப் பொருள்பெயர்ப்பாகத் தரப்படுகின்றன: 'பன்றிகளால் பறக்க இயலாது', 'ராதா அன்ரி', 'தீயதைக் காணாதே, தீயதைக் கேளாதே', 'சிறு தெரிவுகள்', 'எல்லாவற்றிலும் சிறந்த பள்ளி', 'கலவரக் குறிப்பேடு: ஒரு பின்னுரை'.

முதல் ஐந்து கதைகள் வளர்ந்த ஆர்ஜி பின்னோக்கிக் கூறுவனவாக அமைந்துள்ளன. சிறுவனின் அறியாமையும் வளர்ந்தவனின் அறிவும் ஒரே தொடரில் உடன் நிற்கும் எடுத்துரைப்பு முறை அவற்றில் காணப்படுகிறது. ஆறாவது கதையில் இவ்விடைவெளி இல்லாதொழிகிறது. நாளும் நேரமும் இட்ட குறிப்புகளாக அது மாறுகிறது. நிகழ்வை நினைவாக மாற்றிக்கொள்ளும் அவகாசம் கதைசொல்லிக்கு இல்லை என்பதை இவ்வடிவ மாற்றமே உணர்த்துகிறது. ஆர்ஜியின் குழந்தைமை முடிவுற்ற இடத்தை அகவையைக் காட்டிலும் இவ்வடிவமே துல்லியமாகக் காட்டுகிறது எனலாம்.

கதைகளின் பின்புலமாக அமையும் வரலாறு 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டத்திலிருந்து தொடர்வது. 1958, 1977 ஆகிய ஆண்டுகளின் கலவரங்கள், 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம், 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலக எரிப்பு, 1983 யூலை ஆகியன அதன் படிநிலைகள். இவை கதைகளில் வரலாற்றுப் பாடமாக விரிக்கப்படவில்லை. பெரியோர் பேச்சின் நடுவே ஒரு சிறுவன் செவியுற்ற துண்டுகளாகவே வந்துசேர்கின்றன.

முற்றமும் கொல்லையும்

மாதத்தில் ஒரு ஞாயிறன்று பேரப்பிள்ளைகள் அனைவரும் அம்மாச்சி, அப்பாச்சியின் வீட்டில் ஒருநாளைக் கழிக்கின்றனர். அன்று பெற்றோர் உடனிருப்பதில்லை. வீட்டைச் சூழ்ந்த நிலம் இரண்டாகப் பிரிகிறது. வீட்டின் முன்புறமும் தெருவும் எதிரேயுள்ள வெளியும் சிறுவர்க்குரியன. அங்குக் கிரிக்கெட் நடைபெறும். பின்புறத் தோட்டமும் அடுக்களைத் தாழ்வாரமும் சிறுமியர்க்குரியன. அங்குக் கல்யாண விளையாட்டு நடைபெறும். ஆர்ஜி பின்புறத்தைச் சேர்ந்தவன். அவ்விளையாட்டில் மணப்பெண் அவனே. ஏனையோரை ஆளும் தலைமையும் அவனுடையதே.

இப்பாகுபாட்டை ஆசிரியர் நிலவரைபடம் போல விவரிப்பது கருதத்தக்கது. ஆட்சிப்பரப்பு, எல்லை, தலைமை என அரசியலுக்குரிய சொற்களாலேயே குழந்தைகளின் விளையாட்டிடம் சுட்டப்படுகிறது. ஆயினும் குழந்தைகளின் எல்லை நெகிழ்வுடையது. ஆண்பிள்ளையாகப் பிறந்த ஒருவன் பின்புறத்தைத் தெரிந்துகொள்ள அது இடமளித்திருந்தது. வெளிநாட்டிலிருந்து திரும்பிய மைத்துனி ஒருத்தி, ஆண்பிள்ளை மணப்பெண்ணாக இருத்தல் ஆகாது என்று விதியை எழுப்பும்போதுதான் அது இறுகுகிறது. அவளது முறையீட்டைக் கேட்ட அத்தையொருவர், சேலை அணிந்த ஆர்ஜியைப் பெரியோர் கூடியிருந்த கூடத்துக்கு இழுத்துச் செல்கிறார். அங்கு எழும் சிரிப்பின் நடுவே அவன்மீது சுமத்தப்படும் சொல்லே நூலுக்குத் தலைப்பாகியுள்ளது.

அச்சொல்லுக்கு ஆங்கிலத்தில் 'நகைப்புக்குரிய' என்றும் 'விநோதமான' என்றும் இருபொருள் உண்டு. சிறுவன் இரண்டையும் பொருத்திப் பார்க்கிறான். தந்தையின் குரலில் இருந்த வெறுப்பை அவ்விரண்டும் விளக்கவில்லை. பெயரிடப்படுவதும், இடப்பட்ட பெயரின் பொருளை அறியாமலே அதற்கான தண்டனையை ஏற்பதும் இங்கு ஒருங்கே நிகழ்கின்றன. பின்னாளில் 'தமிழன்' என்னும் பெயரும் அவன்மீது இதே முறையில்தான் விழுகிறது. ஏன் சிறுவருடன் விளையாடியாக வேண்டும் என்ற அவனது வினாவுக்குத் தாய் அளிக்கும் விடை, பன்றிகளால் பறக்க இயலாது என்னும் பொருளற்ற பிள்ளைமொழி. காரணம் இன்மையே காரணமாக நிற்கும் விதியை அவன் முதன்முறையாக எதிர்கொள்ளும் இடம் இது.

சேலை

தொகுப்பின் முதன்மைக் குறியீடு சேலை. கல்யாண விளையாட்டுக்கென வைத்திருக்கும் பழைய வெண்சேலை நாட்பட்டு மஞ்சளித்தது, கரை கிழிந்தது. அதனை உடுத்தி முடித்த கணத்தில் ஆர்ஜி தன்னினும் பெரிய, அழகிய வேறொருவராகத் தன்னை உணர்கிறான். அவ்வுணர்வை விளக்க அவன் நினைவுகூர்வது மாலினி பொன்சேகா முதலிய சிங்களத் திரை நட்சத்திரங்களை. இக்குறிப்பு எளிதில் கடந்துவிடத்தக்கதன்று. தமிழ்ச் சிறுவனின் அழகுக் கற்பனையில் இனவெல்லை இன்னும் வரையப்படவில்லை. பால் எல்லையை அவன் கடக்கும் அதே கணத்தில் இனவெல்லையையும் அறியாமலே கடந்து நிற்கிறான். இரண்டும் பின்னர் அவனுக்கு அடைக்கப்படுகின்றன.

சேலையின் மற்றொரு இடம் தாயின் அறை. விசேட நாள்களில் தாய் உடுத்துவதை உடனிருந்து காணும் உரிமை அவனுக்கு இருந்தது. கூடத்து நிகழ்வின் பின்னர் அவ்வறைக் கதவு அவனுக்கு மூடப்படுகிறது. மகனின் இயல்புக்குத் தாயே பொறுப்பு எனத் தந்தை கடிந்துகொண்டதன் விளைவு அது. தாய் கொடுமைக்காரியாகப் படைக்கப்படவில்லை. தனக்கே உடன்பாடில்லாத விதியை மகன்மீது செலுத்தும்படி அவர் நிர்ப்பந்திக்கப்படுகிறார். விதியைக் காப்போர் அனைவரும் அதனை நம்புவோர் அல்லர் என்னும் இவ்வுண்மை, பின்வரும் கதைகளில் அரச அலுவலர், அயலவர், பாடசாலை ஆசிரியர் ஆகியோர் வழியாகவும் தொடர்கிறது.

அடுத்த முறை பிள்ளைகள் கூடியபோது, மறைத்துக் கொண்டுவந்த சேலையைப் பற்றி இழுக்கும் பூசலில் அது கிழிகிறது. இரண்டாம் கதையில் சேலை உண்மைத் திருமணத்தின் உடையாக மீள்கிறது. அமெரிக்காவிலிருந்து திரும்பிய ராதா அன்ரியின் திருமணத்தைக் கற்பனையில் அலங்கரித்து மகிழ்கிறான் ஆர்ஜி. ராதாவோ, நாடக ஒத்திகையில் அறிமுகமான அனில் என்னும் சிங்கள இளைஞனை நேசிக்கிறாள். 1958 கலவரத்தில் தன் தந்தையைப் பறிகொடுத்த அம்மாச்சி அவ்வுறவை ஏற்க மறுக்கிறார். யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பும் வழியில் புகையிரதத்தில் தாக்கப்பட்ட ராதா, தானே அனிலிடமிருந்து விலகி, பெரியோர் தெரிவுசெய்த மணமகனை ஏற்கிறாள். கல்யாண விளையாட்டில் ஆர்ஜி கண்ட திருமணம் ஒருவர் வேறொருவராக மாறும் விடுதலை. ராதாவின் திருமணத்தில் அவன் காண்பது ஒருவர் தமக்கென ஒதுக்கப்பட்ட இடத்துக்குத் திரும்பும் அடக்கம். உடை ஒன்றே, பொருள் முற்றிலும் மாறிவிடுகிறது.

புகையிரதப் பாதையும் கடலும்

சேலை கிழிந்த நண்பகலில் ஆர்ஜி வீட்டைவிட்டு ஓடி, புகையிரதப் பாதையைக் கடந்து கடற்கரையை அடைகிறான். கொழும்பின் தென்புறக் கரையோரத்தில், கொள்ளுப்பிட்டி முதல் வெள்ளவத்தைக்கு அப்பாலும், இருப்புப்பாதை குடியிருப்புகளுக்கும் கடலுக்கும் இடையே செல்கிறது. அப்பகுதிப் பிள்ளைகளுக்கு அது நாள்தோறும் கண்முன் நிற்கும் எல்லை. அதனைக் கடப்பது வீட்டின் ஆணையைக் கடப்பதாகும். கடற்கரையில் அமர்ந்த சிறுவன், இனித் தான் முன்புறத்துக்கும் உரியவன் அல்லன், பின்புறத்துக்கும் உரியவன் அல்லன் என்பதை உணர்கிறான். இரு பரப்புகளுக்கும் வெளியே அவனுக்கு எஞ்சியிருப்பது கடல் ஒன்றே.

அவ்விருப்புப்பாதையே இரண்டாம் கதையில் வடக்கையும் தெற்கையும் இணைக்கும் வழியாகவும், ராதா தாக்குண்ட இடமாகவும் உருமாறுகிறது. 1977 ஆகஸ்டுக் கலவரத்தில் அநுராதபுரம் புகையிரத நிலையத்தில் தமிழ்ப் பயணிகள் தாக்கப்பட்ட வரலாற்று நிகழ்வை அக்காட்சி நினைவூட்டுகிறது. முதற் கதையில் ஒரு சிறுவன் அஞ்சிக் கடந்த கோடு, இரண்டாம் கதையில் ஒரு பெண்ணின் வாழ்வைத் திசைதிருப்பும் கோடாகிறது.

கடலும் அவ்வாறே. மூன்றாம் கதையில் தாயின் முன்னாள் காதலரான பறங்கிய இதழாளர் டாரில், யாழ்ப்பாண நிகழ்வுகளை ஆராயச் செல்கிறார். 1981 மே இறுதி, யூன் தொடக்க நாள்களில் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்ட காலம் அது. டாரிலின் உடல் கடற்கரையில் ஒதுங்குகிறது. நீரில் மூழ்கி இறந்தார் என்னும் விளக்கத்தை ஏற்காத தாய், உண்மையைத் தேடி வழக்கறிஞரிடமும், டாரிலிடம் பணிபுரிந்த இளைஞனின் சிற்றூருக்கும் ஆர்ஜியுடன் செல்கிறார். அவருக்குக் கிடைப்பன மௌனமாயிருக்கும்படியான அறிவுரையும் ஊரார் எறியும் கற்களுமே. கடல் முதற் கதையில் புகலிடம். மூன்றாம் கதையில் சான்று அழிக்கப்படும் இடம். இறுதியில் நாட்டைவிட்டு நீங்குவோரின் மறுகரைக்கு இடைப்பட்ட வெளி.

தாள்கள்: வாக்குறுதியும் செய்யுளும்

நான்காம், ஐந்தாம் கதைகளில் குறியீட்டின் இடத்தை எழுத்து பெறுகிறது. 'சிறு தெரிவுகள்' கதையில் ஆர்ஜியின் தந்தை, 1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கையின் பின் வளர்ந்த சுற்றுலாத் துறையில் விடுதி நடத்துபவர். அவரது பள்ளித் தோழரின் மகன் ஜெகன் வேலை நாடி வருகிறான். தம் பிள்ளைகளைப் பரஸ்பரம் பாதுகாப்போம் எனத் தோழர் இருவரும் சிறுவயதில் எழுதிக்கொண்ட வாக்குறுதியே அவனது பரிந்துரை. பிள்ளைப்பருவத்தில் எழுதிய தாளொன்று பெரியோர் உலகில் செல்லுபடியாகுமா என்னும் வினாவை இக்கதை எழுப்புகிறது.

ஜெகன் ஒருகாலத்தில் காந்தியம் இயக்கத்தில் பணியாற்றியவன். 1977 கலவரத்தால் இடம்பெயர்ந்த மலையகத் தமிழரை வவுனியா முதலிய பகுதிகளில் குடியமர்த்திய அவ்வமைப்பு அரசின் ஐயத்துக்கு உள்ளானது வரலாறு. அதனை நிறுவியவர்களுள் ஒருவரான மருத்துவர் இராஜசுந்தரம் 1983 யூலை 27 அன்று வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். கதையில் ஜெகன் ஐயத்தின்பேரில் விசாரிக்கப்படுகிறான். அவன் அறையில் மிரட்டல் வாசகம் எழுதப்படுகிறது. விடுதியின் அமைதியைக் காக்கக் கருதும் தந்தை அவனை வெளியேற்றுகிறார். சிங்களரும் தமிழரும் இணங்கி வாழலாம் என்று நம்பி, அவ்விணக்கத்துக்குத் தலைகுனிதலை விலையாகச் செலுத்தியவர் அவர். கதைத் தலைப்பிலுள்ள 'சிறு' என்னும் அடை, பெருந்தீங்குகள் சிறிய விட்டுக்கொடுப்புகளால் ஆனவை என்பதைச் சுட்டுகிறது.

ஐந்தாம் கதையில் ஆர்ஜி பரிசளிப்பு விழாவில் ஹென்றி நியூபோல்ட்டின் இரு ஆங்கிலச் செய்யுள்களை ஒப்பிக்கப் பணிக்கப்படுகிறான். பள்ளிக்காலத்தை வாழ்வின் பொற்காலமாகவும், விளையாட்டுத்திடலைப் போர்க்களத்தின் பயிற்சிக்களமாகவும் போற்றும் பேரரசுக் காலச் செய்யுள்கள் அவை. பிரம்படியும் முழந்தாளிடுதலும் நாளாந்த நிகழ்வாகிய பள்ளியில் அவற்றை ஒப்பித்தல் பொய்க்குத் துணைபோதலாகும் என ஆர்ஜி உணர்கிறான். தான் நேசிக்கும் ஷெஹான் என்னும் சிங்கள மாணவனை அதிபரின் கொடுமையிலிருந்து காக்கும் பொருட்டு, சொற்களை வேண்டுமென்றே குழப்பி மேடையில் ஒப்பிக்கிறான்.

இச்செயலை எளிய வீரமாகக் கொள்ள ஆசிரியர் இடமளிக்கவில்லை. கொடியவராகிய அதிபரே பள்ளியைப் பல்லின மாணவர்க்கும் பொதுவாக வைத்திருக்க முயல்பவர். அதனைச் சிங்கள பௌத்தப் பள்ளியாக்க விழைபவர் துணை அதிபர். அதிபரின் வீழ்ச்சி தமிழ் மாணவரைப் பாதிக்கும் எனத் தமிழாசிரியர் ஒருவர் ஆர்ஜிக்கு உணர்த்தியும் இருக்கிறார். இனநலனும் தன்னுள் எழுந்த அன்பும் எதிரெதிர்த் திசைகளில் இழுக்கும் நிலையில் ஆர்ஜி அன்பைத் தெரிகிறான். அத்தெரிவின் விலை அவனுக்குத் தெரியும். தந்தையின் தெரிவுக்கும் மகனின் தெரிவுக்கும் உள்ள வேறுபாடு இங்கு வெளிப்படுகிறது. தந்தை எழுதிய வாக்கை மீறி அமைதியைக் காக்கிறார். மகன் எழுதப்பட்ட வாக்கியங்களைச் சிதைத்து ஒருவனைக் காக்கிறான். சிற்றில் சிதைத்த பிள்ளையின் இடத்துக்கு ஆர்ஜி வந்துசேரும் ஒரே தருணமும் இதுவே.

வகுப்பறையும் மொழியும்

தமிழாய்வு நோக்கில் இத்தொகுப்பில் மேலும் கருதத்தக்க ஒன்று, ஆர்ஜி கற்பது சிங்கள மொழி வகுப்பில் என்பதாகும். சிங்களமே எதிர்காலத்தின் மொழி எனக் கருதிய தந்தையின் ஏற்பாடு அது. தாய்மொழிவழிக் கல்விமுறை ஒரே பள்ளி மாணவரைச் சிங்கள வகுப்பினர், தமிழ் வகுப்பினர் எனப் பிரித்திருந்தது. தமிழ் வகுப்புக்குப் போ எனச் சிங்கள மாணவர் சிலர் ஆர்ஜியை விரட்ட முற்படும்போது, அங்குச் செல்வதற்குப் போதிய தமிழ் அவனிடம் இல்லை.

முற்றமும் கொல்லையும் இங்கு இரண்டு வகுப்பறைகளாக மீண்டும் வரையப்படுகின்றன. முன்னர் அவன் உடலால் ஒரு பரப்பிலும் விருப்பத்தால் மறுபரப்பிலும் இருந்தான். இப்போது பிறப்பால் ஒரு வகுப்புக்கும் மொழியால் மறு வகுப்புக்கும் உரியவனாகிறான். தமிழ் தெரியாமலே தமிழனாகத் தாக்கப்படும் நிலை அவனுடையது. மொழியே இனத்தின் அடையாளம் என்னும் பொதுக்கருத்தை இந்நிலை கேள்விக்கு உட்படுத்துகிறது. கலவரக் கும்பலுக்குத் தேவைப்பட்டது மொழியன்று, பெயரும் முகவரியுமே. அவன் கதை ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருப்பதையும் இப்பின்னணியில் நோக்குதல் பொருந்தும். கொழும்பின் ஆங்கிலம் அறிந்த நடுத்தர வகுப்பினர்க்கு அம்மொழி பொதுவிடமாகவும், இரு தாய்மொழிகளிலிருந்தும் விலகிய மூன்றாமிடமாகவும் இருந்தது.

எரிந்த இல்லம்

1983 யூலை 23 இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் பதின்மூன்று இராணுவத்தினர் கொல்லப்பட்டனர். மறுநாள் கொழும்பு கனத்தை மயானத்தில் அவர்களை அடக்கம் செய்யக் கூடியோரிடையே தொடங்கிய வன்முறை நகரெங்கும் பரவியது. யூலை 25, 27 ஆகிய நாள்களில் வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். தமிழர் வீடுகளை அடையாளம் காண வாக்காளர் இடாப்புகள் பயன்படுத்தப்பட்டன.

இறுதிக் கதையின் குறிப்பேடு இந்நாள்களை ஒரு குடும்பத்தின் எல்லைக்குள் பதிவுசெய்கிறது. சிங்கள அயலவர் குடும்பத்துக்கு அடைக்கலம் அளிக்கின்றனர். அவர்கள் வீடு எரிக்கப்படுகிறது. அம்மாச்சியும் அப்பாச்சியும் சென்ற மகிழுந்து தீவைக்கப்பட்டு இருவரும் உயிரிழக்கின்றனர். மாதத்தில் ஒரு ஞாயிறன்று பேரப்பிள்ளைகளைக் கூட்டிய முதியோரின் மறைவோடு, தொகுப்பின் முதற்பக்கத்து முற்றமும் கொல்லையும் இல்லாதொழிகின்றன.

வாக்காளர் இடாப்பு இத்தொகுப்பில் வரும் தாள்களுள் இறுதியானது. சிறுவர் இருவர் நட்பைப் பதிந்த தாள் ஒருவனைக்கூடக் காக்கவில்லை. குடியுரிமையைப் பதிந்த அரசின் தாளோ உரியவரையே கொலைக்குக் காட்டிக்கொடுக்கிறது. வகைபிரித்துப் பெயரிடும் செயல் கூடத்தில் எழுந்த ஒரு சொல்லாகத் தொடங்கி, தெருவில் ஏந்திய பட்டியலாக முடிகிறது.

வீட்டுக்குள் நிகழ்ந்த பாகுபாடும் தெருவில் நிகழ்ந்த கொலையும் ஒன்றே என்பது இதன் பொருளன்று. ஒரு சிறுவனின் சேலையைப் பறித்தலும் ஓர் இனத்தின் வீடுகளை எரித்தலும் அளவாலும் நோக்காலும் வேறானவை. தொகுப்பு காட்டுவது அவற்றின் ஒப்புமையை அன்று. ஒன்று மற்றொன்றை இயல்பானதாகக் காணப் பழக்கும் முறையை. இன்னார்க்கு இன்ன இடம் என்பதை வினவாது ஏற்கப் பழகிய குடும்பம், அதே தருக்கம் தன் வாசலுக்கு வரும்போது சொல்லற்று நிற்கிறது. எரிந்த வீட்டின் இடிபாட்டிடையே அழும் ஆர்ஜி, தன்னை வெளியேற்றிய வீட்டுக்காகவும் தன்னை வளர்த்த வீட்டுக்காகவும் ஒருசேர அழுகிறான். அவை இரண்டும் ஒரே வீடு.

தொகுப்பின் எல்லைகள்

இத்தொகுப்பின் நோக்கெல்லையையும் சுட்டுதல் வேண்டும். இதன் உலகம் கொழும்பின் வசதிபடைத்த, ஆங்கிலம் பேசும் தமிழ்க் குடும்பத்தின் உலகம். பாட்டி வீட்டுப் பணிப்பெண் ஜானகி, பிள்ளைகளைக் கண்காணிப்பவளாக முதற் கதையிலேயே இடம்பெறுகிறாள். எனினும் பின்புறப் பரப்பின் உண்மையான குடியாகிய அவளது குழந்தைமை பற்றி ஒரு சொல்லும் இல்லை. மலையகத் தமிழர் ஜெகனின் முன்வரலாற்றில் மட்டுமே தோன்றுகின்றனர். யாழ்ப்பாணம் செய்தியாகவும் வதந்தியாகவும் வந்துசேரும் தொலைவிடமாகவே நிற்கிறது. வகுப்பெல்லை, பாலெல்லையும் இனவெல்லையும் பெற்ற அளவுக்கு வினாவுக்குட்படவில்லை. டாரிலின் பணியாளனைத் தேடிச் சென்ற தாய்மீது விழும் கற்கள், வசதிபடைத்தோரின் நீதித்தேடலுக்கு எளியோர் செலுத்த நேரும் விலையை ஒருகணம் உணர்த்துகின்றன. அவ்வுணர்வு பின்னைய கதைகளில் தொடரப்படவில்லை.

முடிவுரை

'ஃபன்னி பாய்' தொகுப்பில் குழந்தைமை வரலாற்றுக்கு முற்பட்ட தூய காலமாக அமையவில்லை. வரலாறு முதலில் பயிலப்படும் களமாக அமைகிறது. சேலை மாற்றத்தின் உடையாகத் தோன்றி அடக்கத்தின் உடையாகிறது. புகையிரதப் பாதை வீட்டின் எல்லையாகத் தோன்றி நாட்டின் பிளவாகிறது. கடல் புகலிடமாகத் தோன்றிப் பிரிவாகிறது. தாள் நட்பின் சான்றாகத் தோன்றிக் கொலைப்பட்டியலாகிறது. இக்குறியீடுகள் யாவும் சிறுவன் கையில் விளையாட்டுப் பொருளாக இருந்தபோதே தம் பின்னைய பொருளின் கூறுகளைக் கொண்டிருந்தன.

சிற்றில் பருவத்தில் சிறுமியர் விடுக்கும் வேண்டுகோளுக்குக் காரணம் தேவைப்படுவதில்லை. கட்டப்பட்டது என்பதாலேயே அது சிதைக்கப்படலாகாது. அவ்வேண்டுகோளை ஓர் ஆண்பிள்ளை விடுத்தபோது அவனது வீடு செவிசாய்க்கவில்லை. சில ஆண்டுகளின் பின் அவ்வீடே அதனை விடுக்க நேர்ந்தபோது நாடு செவிசாய்க்கவில்லை. 1983ஐ மையமாகக் கொண்ட தமிழ்ப் புனைவுகள் பலவும் வெளியிலிருந்து வந்த வன்முறையைப் பதிவுசெய்கையில், இத்தொகுப்பு தன் இல்லத்தையும் அவ்வினாவுக்கு உட்படுத்துகிறது. ஈழத்துப் புலம்பெயர் எழுத்தில் குழந்தைமை பற்றிய ஆய்வு, இவ்விருமுனை நோக்கை அளவுகோலாகக் கொண்டு ஏனைய தொகுப்புகளுக்கும் விரிவடைதல் பயனுடையதாகும்.